கம்பத்தைச் சாய்த்தது காற்று மட்டுமா?

கார்த்திகை பிறந்துவிட்டால் மயிலாப்பூர் மாட வீதிகளிலே அகல் விளக்குகள் விற்பனைக்கு வருகின்றன, வங்கக் கடலிலே புயல் சின்னம் வருகிறது, கூடவே "கரண்ட் எப்போது வரும்?" என்ற கேள்வியும் வந்துவிடுகிறது. அடையாற்றில் அடுக்குமாடியில் இருப்பவரும் இதைக் கேட்கிறார். நொச்சிக்குப்பத்து மீனவரும் கேட்கிறார். தியாகராய நகர்க் கடைக்காரரும் கேட்கிறார். கேள்வி கேட்போர் பலர், பதில் மட்டும் ஆண்டுதோறும் ஒன்றே: "இயற்கையின் சீற்றம், என் செய்வது!"

இயற்கை சீறும் என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். புயலுக்குத் தடையுத்தரவு போட எந்தச் சர்க்காராலும் முடியாது. ஆனால் புயல் கடந்த பின்னர், ஒரு தெருவில் மறுநாளே விளக்கு எரிகிறது. இன்னொரு தெருவில் ஐந்தாறு நாளாகியும் எரிவதில்லை. புயல் ஒன்றுதானே? காற்றும் மழையும் ஒன்றுதானே? இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? வானத்திலிருந்து வரவில்லை, தோழர்களே! கணக்குப் புத்தகத்திலிருந்து வந்தது. வீசுவது இயற்கை, விழுந்ததை எழுப்புவதும், விழாமல் காப்பதும் கணக்கு. அந்தக் கணக்கைத்தான் இன்று புரட்டிப் பார்க்கப் போகிறோம்.

காற்று வந்தது

2016 டிசம்பர் 12. வர்தா புயல் பிற்பகலில் சென்னைக்கு அருகே கரையைக் கடந்தது. மணிக்கு 110 கிலோமீட்டருக்கு மேல் காற்று. சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. மரங்களோ கணக்கிலடங்கா.

அன்று ஓர் உண்மை பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. மயிலாப்பூர், தியாகராய நகர் போன்ற பழைய நகரப் பகுதிகளின் தெருக்களில் பெரும்பாலும் மின்கம்பி தலைக்கு மேல் போவதில்லை; கேபிளாகப் பூமிக்குள் போகிறது. நடைபாதை ஓரத்திலே இரும்புப் பெட்டி ஒன்று நிற்கிறதே, பில்லர் பாக்ஸ் என்று சொல்கிறோமே, அதிலிருந்து வீடுகளுக்குப் பிரிகிறது. வேரோடு சாய்ந்த மரம் சில இடங்களில் கேபிளையும் பெட்டியையும் சேர்த்து இழுத்துப்போட்டது உண்மை. ஆயினும் இங்கே விளக்கு விரைவில் எரிந்தது. புறநகரிலோ கம்பி மேலே, கம்பம் தரையிலே! தாம்பரத்திலும் அதைச் சுற்றிய பகுதிகளிலும் பல தெருக்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன.

கேபிளைப் புதைத்தால் காற்றுக்குத் தப்பலாம் என்பது யாருக்கும் தெரியாத இரகசியமல்ல. ஆனால் கம்பம் நட்டுக் கம்பி இழுப்பதைப் போலப் பல மடங்கு செலவாகும். அந்தப் பணத்தை யார் போடுவது? இந்த இடத்திலேதான் பேச்சு நின்றுவிடுகிறது. இரண்டாண்டு கழித்து, 2018 நவம்பரில், கஜா புயல் வேதாரணியத்துக்கு அருகே கரை கடந்து டெல்டா மாவட்டங்களைச் சூறையாடிற்று. அப்போது விழுந்த கம்பங்கள் ஒரு இலட்சத்துக்கும் மேல். கேரளத்திலிருந்துகூட மின்தொழிலாளர்கள் வந்து கை கொடுத்தார்கள். தொழிலாளி வந்துவிட்டான், பாடம் வந்ததா என்பதுதான் கேள்வி.

நீர் வந்தது

காற்றுக்குத் தப்பப் பூமிக்குள் போனோம். அங்கே வெள்ளம் வந்து நின்றது.

2015 டிசம்பர் முதல் நாள் இரவில் அடையாறு கரை புரண்டது. கோட்டூர்புரமும் சைதாப்பேட்டையும் தண்ணீரில் நின்றன. 2021 நவம்பரில் தியாகராய நகர்த் தெருக்கள் குளங்களாயின. அதில் வியப்பில்லை, ஒரு காலத்தில் பெரிய ஏரியாகக் கிடந்த நிலத்தைத் தூர்த்து 1920-களில் எழுந்த நகரல்லவா அது! ஏரிக்கு மறதியில்லை, நமக்குத்தான் மறதி. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் கரைக்கு வராமலே, கடலில் நின்றபடியே, சென்னையைத் தண்ணீரில் அமிழ்த்திற்று. நகரின் பெரும்பகுதியில் மின்சாரம் நிறுத்தப்பட்டது. வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கத்தில் அது திரும்பி வர நாட்கள் பல ஆயின.

"தண்ணீர் நிற்கிற நேரத்தில் மின்சாரத்தையும் நிறுத்துகிறார்களே!" என்று அன்று பலர் கோபப்பட்டார்கள். அந்தக் கோபம் நியாயமானதல்ல. 2021 டிசம்பர் 30 அன்று, எதிர்பாராமல் கொட்டிய ஒரே நாள் மழையில், சென்னையில் மூன்று பேர் மின்சாரம் தாக்கி மாண்டார்கள். முழங்கால் தண்ணீரில் மூழ்கிய பெட்டிக்குள் மின்சாரத்தை விட்டுவைப்பது கொலைக்குச் சமம். நிறுத்தியது சரியே!

நாம் கேட்பது வேறு. அந்தப் பெட்டி ஏன் முழங்கால் உயரத்திலேயே நிற்கிறது? எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பது ஒவ்வொரு பிரிவு அலுவலகத்திலும் உள்ள லைன்மேனுக்கு மனப்பாடம். பெட்டியைத் தூக்கி வைக்கலாம். பழைய பெட்டியை எடுத்துவிட்டு, ஒரு பக்கம் பழுதானால் மறுபக்கத்திலிருந்து மின்சாரம் வரும்படியான வளையச் சாதனத்தை வைக்கலாம். இரண்டையும் வாரியம் செய்துகொண்டுதான் இருக்கிறது. இல்லையென்று சொல்ல மாட்டோம். ஆனால் வெள்ளம் வரும் வேகம் ஒன்று. வேலை நடக்கும் வேகம் ஒன்று. 2015-இல் பெற்ற அடி, 2023 வரையில் முழுப் பாடமாகவில்லை.

வெயில் வந்தது

காற்றும் நீரும் கார்காலத்து எதிரிகள். வெயில் காலத்து எதிரி சத்தமின்றி வருகிறான். 2024 மே 2 அன்று தமிழகத்தின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதற்கு முன்பு காணாத உச்சம். மின்சாரம் கையிருப்பில் இருந்தாலும், தெருமுனை டிரான்ஸ்பார்மர் தாங்க வேண்டுமே! பகலெல்லாம் வெயிலில் காய்ந்த அது, இரவிலாவது ஆறலாம் என்றால், இரவு பத்து மணிக்கு வீடுதோறும் ஏ.சி. ஓடத் தொடங்குகிறது. சூரிய மின்சாரமோ மாலையிலேயே விடைபெற்றுவிட்டது. பியூஸ் போகிறது, கேபிள் வெடிக்கிறது, நள்ளிரவில் கைக்குழந்தையோடு தாய்மார்கள் வாசலில் வந்து உட்காருகிறார்கள்.

இதற்கும் மருந்து உண்டு. தேவைக்கு மேல் கொஞ்சம் பெரிய டிரான்ஸ்பார்மர், கொஞ்சம் பருமனான கேபிள், கையிருப்பில் உபரிச் சாமான். ஆனால் அந்த உபரி, ஆண்டில் பெரும்பாலான நாள் சும்மா கிடக்கும். "சும்மா கிடப்பதற்கு ஏன் செலவு?" என்று கேட்கிறது கணக்குப் பிள்ளையின் பேனா. தீயணைப்பு வண்டியும்தான் பெரும்பாலான நாள் சும்மா நிற்கிறது. அதற்காக அதை ஏலம் போட்டுவிடுகிறோமா?

ஆகவே காற்றுக்கு மருந்து தெரியும்; நீருக்குத் தெரியும்; வெயிலுக்கும் தெரியும். மருந்து தெரிந்த நோயில் நோயாளி மீண்டும் மீண்டும் படுக்கிறான் என்றால், குற்றம் மருந்தில் இல்லை. மருந்து வாங்கப் பணமில்லை என்று பொருள். பணம் எங்கே போயிற்று?

கடன் வந்தது

1947 வரையில் சென்னைப் பட்டினத்துக்கு மின்சாரம் விற்றது ஒரு தனியார் கம்பெனி. அந்த ஆண்டு சர்க்கார் அதை வாங்கிக்கொண்டது. 1957 ஜூலை முதல் நாள் மின்சார வாரியம் பிறந்தது. பட்டினத்து வெளிச்சம் பட்டிக்காட்டுக்கும் போனது இந்த வாரியத்தின் கையால்தான். இலாபம் பார்க்கிற கம்பெனி எதுவும், பத்து வீட்டுக் கிராமத்துக்கு இரண்டு மைல் கம்பி இழுத்திருக்காது. இந்தப் பெருமையை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் பெருமை வேறு, பேரேடு வேறு. 2021 ஆகஸ்டில் மாநில நிதியமைச்சர் வெள்ளை அறிக்கை ஒன்றை வெளியிட்டார். ஒவ்வொரு யூனிட் மின்சாரத்தையும் வாங்கி விற்பதில் 2 ரூபாய் 36 காசு நட்டம் என்று அது கூறிற்று. பத்து ரூபாய்க்கு வாங்கிய புளியை ஏழரை ரூபாய்க்கு விற்கும் மளிகைக் கடை எத்தனை நாள் தாங்கும்? வாரியம் தாங்கிற்று, கடன் வாங்கித் தாங்கிற்று! கடன் ஒன்றரை இலட்சம் கோடி ரூபாயைத் தாண்டிற்று. வட்டிக்கு மட்டும் ஆண்டுக்குப் பத்தாயிரம் கோடிக்கு மேல் போயிற்று.

2014 டிசம்பரில் உயர்ந்த மின்கட்டணம் 2022 செப்டம்பர் வரையில் உயரவில்லை. நிலக்கரி விலை நின்றதா? கூலி நின்றதா? வட்டி நின்றதா? எதுவும் நிற்கவில்லை. இடையிலே, வர்தா வீசி ஒரு மாதம் நிறைவதற்குள், 2017 ஜனவரி 9 அன்று, மத்திய சர்க்காரின் உதய் திட்டத்தில் தமிழகம் கையெழுத்திட்டது. வாரியத்தின் கடனில் 22,815 கோடியை மாநில சர்க்கார் தன் தலையில் ஏற்றது. பழைய கடன் இறங்கிற்று. நட்டம் நிற்காததால் புதுக்கடன் ஏறிற்று. ஓட்டைக் குடத்துக்கு ஒரு முறை தண்ணீர் ஊற்றினால் போதுமா?

2010 நவம்பரில் வாரியத்தைப் பிரித்தார்கள். 2024-இல் மறுபடி பிரித்தார்கள். பெயர்ப்பலகைகள் பெருகின. ஆட்சிகளும் மாறின. கணக்கு மட்டும் மாறவில்லை.

இப்போது கவனியுங்கள். கையில் காசில்லாத வீட்டில் முதலில் எது நிற்கும்? அரிசி நிற்காது, வட்டிக்காரன் வாசலில் நிற்பதால் வட்டியும் நிற்காது. கூரை மாற்றுவதுதான் நிற்கும்! "அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்" என்பார் குடும்பத் தலைவர். வாரியத்திலும் அதுவே கதை. நிலக்கரிக்குப் பணம் தராவிட்டால் அன்றைக்கே இருள். சம்பளம் தராவிட்டால் அன்றைக்கே வேலைநிறுத்தம். வட்டி தராவிட்டால் அன்றைக்கே மானக்கேடு. துருப்பிடித்த கம்பத்தை மாற்றாவிட்டால் இன்றைக்கு ஒன்றும் ஆகாது. பெட்டியைத் தூக்கி வைக்காவிட்டால் இன்றைக்கு ஒன்றும் ஆகாது. காலியான லைன்மேன் இடத்தை நிரப்பாவிட்டாலும் இன்றைக்கு ஒன்றும் ஆகாது. புயலன்றைக்குத்தான் எல்லாம் சேர்ந்து ஆகும்! ஆகவேதான் சொல்கிறோம்: கம்பத்தைச் சாய்த்தது காற்று மட்டுமல்ல.

"தனியாரிடம் கொடு" என்போருக்கு

இந்த இடத்தில் மேதாவிகள் சிலர் குறுக்கிடுவார்கள். "நட்டத்தில் ஓடுகிறதா? தனியாரிடம் கொடுத்துவிடு!" என்பார்கள். கொடுத்தவர்கள் என்ன கண்டார்கள் என்று பார்ப்போம்.

ஒரிசாவிலே கொடுத்தார்கள். 1999 செப்டம்பரில், புவனேசுவரம், கட்டாக் நகரங்கள் அடங்கிய மத்தியப் பகுதியின் மின் விநியோகத்தை ஏ.இ.எஸ். என்ற அமெரிக்கக் கம்பெனி எடுத்துக்கொண்டது. அடுத்த மாதமே பெரும்புயல் வந்து கம்பமும் கம்பியும் நாசமாயின. வசூல் நடக்கவில்லை, சர்க்காரோடு வழக்கும் வாதமும். 2001-இல் கம்பெனி விலகிப் போய்விட்டது. மக்கள் விலகிப் போக முடியுமா? 2020-இல் அந்தப் பகுதி மறுபடியும் தனியாரிடம், டாட்டா கம்பெனியிடம், போயிருக்கிறது. நன்றாக நடந்தால் மகிழ்ச்சியே. ஆனால் புயலுக்குப் பின் கம்பெனி போய்விடலாம், சர்க்கார் போக முடியாது என்ற பாடம் அழியாது.

அமெரிக்காவிலேயே பார்ப்போமே! டெக்சாஸ் மாநிலத்தில் மின்சாரம் முழுச் சந்தைச் சரக்கு. 2011-இல் கடுங்குளிர் வந்து மின்நிலையங்கள் முடங்கின. குளிர் தாங்கும்படி இயந்திரங்களைக் காப்பிடுங்கள் என்று அப்போதே எச்சரித்தார்கள். கட்டாயமாக்கவில்லை, செலவு செய்தவருக்குச் சந்தையில் கூலியும் இல்லை. 2021 பிப்ரவரியில் அதைவிடக் கொடுங்குளிர் வந்தது. 45 இலட்சம் வீடுகளுக்கு மேல் மின்சாரமின்றி உறைந்தன. மாநில சர்க்காரின் கணக்குப்படியே 246 பேர் மாண்டார்கள். மொத்தச் சந்தையில் மின்சார விலையோ யூனிட்டுக்கு 9 டாலர், நம் காசில் அன்று 650 ரூபாய் அளவுக்கு, ஏறி நின்றது! செல்வம் கொழிக்கும் நாட்டில், எரிவாயு கொழிக்கும் மாநிலத்தில் இந்தக் கதி. குளிரானாலும் புயலானாலும் நீதி ஒன்றே: நல்ல நாளில் காப்புக்குச் செலவிடாதவன், கெட்ட நாளில் பல மடங்கு கொடுக்கிறான்.

நம் ஊருக்கு வருவோம். ஒரே ஊரில் பல கம்பெனிகள் மின்சாரம் விற்கலாம் என்று 2022 ஆகஸ்டில் மத்திய சர்க்கார் மக்களவையில் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தது. அது சட்டமாகவில்லை, ஆனால் எண்ணம் சாகவில்லை. அப்படி ஒரு கம்பெனி சென்னைக்கு வந்தால் முதலில் எங்கே கடை விரிக்கும்? உஸ்மான் சாலைக்கு வரும். பாண்டி பஜாருக்கு வரும். துணிக்கடைக்கும் நகைக்கடைக்கும் கட்டணம் அதிகம், பாக்கி குறைவு. அந்தக் கடைகள் அதிகம் கொடுப்பதால்தான் குடிசைக்கு வாரியம் குறைத்துக் கொடுக்க முடிகிறது. கறந்து குடிக்கப் பசு ஒருவருக்கு. சாணம் அள்ள வாரியத்துக்கு! அதன்பின் கண்ணகி நகருக்குக் கேபிள் யார் போடுவது?

"இலவசமே கேடு" என்போருக்கு

இன்னொரு கூட்டம், "இலவசம்தான் வாரியத்தைக் கெடுத்தது" என்கிறது. உழவனின் பம்ப்செட்டுக்கும் குடிசையின் ஒற்றை விளக்குக்கும் கொடுத்ததை நாம் குறை கூறோம். அது சமூகத்தின் கடன். ஆனால் தர்மம் செய்கிறவர் தன் பையிலிருந்து செய்ய வேண்டும். அடுத்த வீட்டுக்காரன் பையில் கைவிடக்கூடாது. சர்க்கார் ஒருவருக்குச் சலுகை அறிவித்தால், அந்தப் பணத்தை வாரியத்துக்கு முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும் என்று 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டமே 65-ஆம் பிரிவில் சொல்கிறது. மாநில சர்க்காரும் ஆண்டுக்குப் பத்தாயிரம் கோடிக்கு மேல் மானியம் தருகிறது. தருவது உரிய காலத்தில், உரிய தொகையாக இருக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

சலுகை யாருக்கு என்பதும் கேள்வி. 2016 மே மாதத்தில் வந்த திட்டப்படி, வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாயிற்று. குடிசைக்கும் 100, நான்கு ஏ.சி. ஓடும் மாளிகைக்கும் 100! ஏழைக்குக் கொடுத்தது நீதி. மாளிகைக்குக் கொடுத்தது என்ன நீதி? அந்தக் காசில் எத்தனை பெட்டிகளைத் தூக்கி வைத்திருக்கலாம்?

இருள் யாருக்கு?

மின்சாரம் நின்றவுடன் ஊர் இரண்டாகப் பிரிகிறது. பெரிய கடையில் ஜெனரேட்டர் உறுமுகிறது. மாடி வீட்டில் இன்வர்ட்டர் விளக்கு எரிகிறது. பணமுள்ள ஒவ்வொருவரும் தனக்கென ஒரு குட்டி மின்வாரியம் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்! டீசலில் எடுக்கும் மின்சாரத்துக்கு வாரிய விலையைப் போலப் பல மடங்கு கொடுக்கிறார்கள். இந்தப் பணமெல்லாம் ஒன்று சேர்ந்திருந்தால் தெருவுக்கே விளக்கு நிற்காது.

இல்லாதவருக்கு என்ன? நொச்சிக்குப்பத்தில் ஐஸ் கிடைக்காமல் மீன் கெடுகிறது. தையற்காரரின் மோட்டார் நிற்கிறது. அவருக்கு அன்றைய கூலி போகிறது. ஆற்றோரக் குடியிருப்பில் பம்ப் ஓடாமல் குடிநீர் நிற்கிறது. 2012-இல், புயலே இல்லாமல், மின்பற்றாக்குறையால் வெட்டு வந்தபோது, சென்னைக்கு இரண்டு மணி நேரம் என்றும், வெளி மாவட்டங்களுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலும் என்றும் இருளைப் பங்கிட்டார்கள். கோவையின் பட்டறைத் தொழிலாளி அன்று கேட்டான்: "நாங்களும் தமிழ்நாடுதானே?" இன்றைக்கு அதே கேள்வியைச் சென்னைக்குள்ளேயே கடைசிக் கம்பத்து வீட்டுக்காரன் கேட்கிறான்.

கம்பத்தில் ஏறுகிறவனையும் மறக்கக்கூடாது. எல்லோரும் கதவடைத்துக்கொள்ளும் நேரத்தில் அவன்தான் தெருவில் இறங்குகிறான். அவனில் பலர் ஒப்பந்தக் கூலிகள். புயலன்று "வீரன்" என்று புகழ்கிறோம். மறுநாள் கையுறைக்கும் காப்பீட்டுக்கும் மனுவோடு அவன் வரிசையில் நிற்கிறான். இந்தப் புகழ்ச்சியால் அவன் வீட்டு உலை கொதிக்காது.

வேண்டுவது என்ன?

நாம் கேட்பவை நான்கே. ஒன்று: புயல், வெள்ளக் காப்புக்கென ஆண்டுதோறும் தனி நிதி ஒதுக்க வேண்டும், அதைத் தொட்டு வட்டி கட்டக்கூடாது. இரண்டு: சர்க்கார் அறிவிக்கும் சலுகைக்குச் சர்க்காரே உரிய காலத்தில் முழுப் பணம் தர வேண்டும்; சலுகை ஏழைக்குப் போக வேண்டும், மாளிகைக்கு வேண்டாம். மூன்று: தண்ணீர் நிற்கும் தெருக்களில் பெட்டிகளை உயர்த்துவதையும், புறநகரிலும் குடிசைப் பகுதிகளிலும் கேபிள் புதைப்பதையும் தேதி போட்டு முடிக்க வேண்டும், எந்தத் தெருவில் எப்போது முடியும் என்பதைப் பிரிவு அலுவலக வாசலில் எழுதி ஒட்ட வேண்டும். நான்கு: காலியிடங்களை நிரந்தரத் தொழிலாளரைக் கொண்டு நிரப்பி, உயிர்க் காப்புச் சாதனங்களைக் கொடுக்க வேண்டும்.

இதற்கு வசதியுள்ளவர் கொஞ்சம் அதிகம் கொடுக்க வேண்டி வரலாம். கட்டணம் என்றாலே அஞ்சி ஓடும் அரசியலும், கட்டணத்தை ஏற்றிவிட்டுக் கணக்குக் காட்டாத நிர்வாகமும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள். "கொடுக்கிறோம், ஆனால் எங்கே செலவிட்டாய் என்று காட்டு!" என்று கேட்கும் துணிவு பொதுமக்களுக்கு வேண்டும்.

அடுத்த புயலுக்குப் பெயர்கூட முன்னதாகவே சூட்டி வைத்திருக்கிறார்கள். தேதிதான் தெரியாது. பெயர் வைத்தாயிற்று, பெட்டியைத் தூக்கி வைத்தாயிற்றா? இதை மழை பெய்யும்போது கேட்டுப் பயனில்லை. வானம் தெளிந்திருக்கும் இன்றைக்கே கேட்போம்!